ரேடியோ நின்றால் ஆள் விழுவான்

“அக்கா, பக்கத்துல அப்பா இருக்காரா?”

“இல்ல. கடையில இருக்கேன்.”

“அம்மா?”

“அம்மா எதுக்குடா கண்ணாடிக் கடைக்கு வரப்போறாங்க? விஷயத்தைச் சொல்லு.”

“சொல்றேன். ஆனா யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. நான் விழுந்துட்டேன்.”

“எங்க?”

“வகுப்புல.”

“யார் தள்ளினது?”

“யாரும் தள்ளல. ஊசி.”

“ஊசி தள்ளிச்சா?”

“ஊசி போட்டேன்கா. ஒரு சொட்டு ரத்தம் வந்துது. ஒரே ஒரு சொட்டு. அதைப் பாத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் பாத்தா சார்ஜென்ட்டோட பூட்ஸ் என் மூக்குக்குப் பக்கத்துல இருக்கு. நல்லா பாலிஷ் போட்டிருந்தார்.”

“யாருக்கு ஊசி போட்டே?”

“பக்கத்துக் கட்டில்காரனுக்கு.”

“ஐயோ, அவனுக்கு என்ன ஆச்சு?”

“அவனுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கான். கையில ஊசி தொங்கத் தொங்க அவன்தான் என் முகத்துல தண்ணி தெளிச்சானாம்.”

அக்கா போனைக் காதில் வைத்தபடி கடையின் பின்சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாற்காலியில் ஒரு பெரியவர் ஒற்றைக் கண்ணை மூடியபடி எதிர்ச்சுவர் எழுத்துகளை வாசித்துக்கொண்டிருந்தார். அவர் நாலாவது வரிக்கு வருவதற்குள் அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. தான் தப்பாக வாசித்துவிட்டதாக நினைத்து அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.

“சிரிக்காதேக்கா. மூணு தடவை விழுந்தா மருத்துவப் பிரிவுலேருந்து தூக்கிடுவாங்களாம். கிடங்குல உக்காந்து போர்வை மடிக்கணும். ஒண்ணு ஆயிடுச்சு.”

அந்தப் பேச்சு இவ்வளவுதான். தம்பி ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. ஆறடி உயரம், அலமாரி மாதிரி உடம்பு, காய்ச்சலென்று ஒருநாள் படுத்தவனில்லை. ஆளெடுப்பில் ‘ரத்தத்தைக் கண்டால் பயமா?’ என்று கேட்டபோது ‘இல்லை’ என்று உண்மையைத்தான் சொல்லியிருந்தான். அதுவரை அவன் பார்த்த ரத்தமெல்லாம் கொசு அடித்த ரத்தம்.

வண்டி ஓட்டப் போயிருக்கலாம், சமையற்கட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் இந்தப் பிரிவு என்று வீட்டில் எல்லாரும் கேட்டார்கள். அவன் அக்காவிடம் மட்டும் சொன்னான். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பள்ளி விடுமுறையில் தம்பி அவர் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே போவான். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட லிஃப்டின் கதவை அப்பா நெம்பித் திறக்கும்போது, உள்ளே வியர்த்து விறுவிறுத்து நிற்பவர்கள் அவரைப் பார்ப்பார்கள்.

“அந்த மூஞ்சியைப் பாத்திருக்கியாக்கா? அப்பா குள்ளம், சட்டையெல்லாம் கிரீஸ். ஆனா அந்த நேரத்துல அவரைவிட அழகான ஆள் உலகத்துலயே இல்லங்கற மாதிரி பாப்பாங்க. எனக்கு அந்த மாதிரி மூஞ்சிங்க வேணும்.”

போர்வை மடிக்கிறவனை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அதனால்தான் அந்த மூன்று என்ற கணக்கு அவனை அப்படி ஆட்டிவைத்தது.

இரண்டாவது தடவை சீக்கிரமே வந்தது. ஊசிகூட இல்லை, ஒரு படம். காயத்துக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று திரையில் காட்டினார்கள். கட்டுப் போடுமுன் காயத்தைக் காட்டத்தானே வேண்டும்? தம்பி நாற்காலியோடு சாய்ந்தான். சாயும்போது வரிசையில் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போனான். சார்ஜென்ட் விளக்கைப் போட்டுவிட்டு, “திரையில வந்ததுக்கே இப்படின்னா, நேர்ல வந்தா அடிபட்டவன்தான் உன்னைத் தூக்கிட்டு ஓடணும்” என்றாராம்.

அந்த நிலையில்தான் இறுதித் தேர்வுக்கு முன் ஒரு வார விடுப்பில் வீட்டுக்கு வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கினான். மூன்றாவது மாடியில் சமையலறை போக இரண்டே அறை. அதில் ஒன்று படுக்கை, ஒன்று எல்லாம். சோபாவில் உட்கார்ந்தால் கால் முறிந்தது என்று அட்டையை வைத்துக் கட்டுவான். எழுந்தால் தலைக்குக் கட்டு. அம்மா சீருடை தைக்கும் கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவள். “என்னடா தையல் இது, ஓரமெல்லாம் பிரியுது” என்று அவன் போட்ட கட்டை அவிழ்த்து அவளே ஒழுங்காகச் சுற்றிக் காட்டினாள்.

கை கால் கிழிந்து ரத்தம் கொட்டினால் மேலே ஒரு இறுக்குப்பட்டையைக் கட்டி நிறுத்த வேண்டும். எந்த நேரத்தில் கட்டியது என்பதை அடிபட்டவனின் நெற்றியிலேயே மார்க்கர் பேனாவால் எழுத வேண்டும். காகிதம் தொலையும், நெற்றி தொலையாது. டாக்டர் பார்க்கும் வரை அதை அழிக்கக் கூடாது. இதைத் தம்பி அப்பாவுக்கு விளக்கிச் சொல்லி, அவர் கையில் பட்டையைக் கட்டி, நெற்றியில் கொட்டை எழுத்தில் நேரத்தை எழுதினான். அந்த நேரம் பார்த்து அப்பாவின் போன் அடித்தது. எங்கோ லிஃப்ட் நின்றுவிட்டது. பட்டையை உருவிப் போட்டுவிட்டு அப்பா ஓடினார்.

அங்கே அரைமணி நேரமாகப் புழுங்கிக் கிடந்தவர்கள், கதவு திறந்ததும் முதலில் பார்த்தது நெற்றியில் நேரம் எழுதிய ஒரு குள்ள மனிதரை. தாமதமாக வந்ததற்குக் கம்பெனி கொடுத்த தண்டனை என்று நினைத்து ஒரு அம்மாள் அவருக்காக வருத்தப்பட்டாளாம்.

“நீங்க அதை அழிச்சிருக்கலாமே,” என்றாள் அக்கா.

“எப்படி அழிக்கிறது? டாக்டர் பாக்கற வரைக்கும் கை வைக்கக் கூடாதுன்னு இவன்தானே சொன்னான்?” என்றார் அப்பா. அவர் வேலை விஷயத்தில் சொன்ன சொல்லை மீறாதவர்.

கட்டும் பட்டையும் சரிதான். ஊசிக்கு என்ன செய்வது? சார்ஜென்ட் பழகிக்கொள்ளச் சொல்லி உறை பிரிக்காத ஊசிகள் கொஞ்சம் கொடுத்து அனுப்பியிருந்தார். ஆரஞ்சுப் பழத்தில் தம்பி அபாரமாகக் குத்தினான். ஆரஞ்சுக்கு ரத்தம் வராது. அப்பா, “எனக்கு வேலை இருக்கு” என்று படியிறங்கிவிட்டார். அம்மா, “பெத்ததே போதும்” என்றாள். மிச்சம் அக்கா.

அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டு மொழியில் படித்தவள், இரண்டிலும் பேசாதவள். கடையில் ‘மேல் வரியை வாசிங்க’, ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்பதோடு அவள் பேச்சு முடியும். அப்படிப்பட்டவள் சமையலறை மேசைமேல் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி பஞ்சால் துடைத்தான், நரம்பைத் தேடினான், ஊசியை வைத்தான். உடனே அவன் முகத்திலிருந்து நிறம் இறங்க ஆரம்பித்ததை அக்கா பார்த்தாள். ஆறடி ஆள் ஊசியோடு தன்மேல் விழப்போகிறான். பின்னால் அடுப்பு.

அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாயைத் திறந்து பேச ஆரம்பித்தாள்.

“டேய், இங்க கேளு. போன வாரம் நான் கடைக் கதவுல முட்டிக்கிட்டேன். அந்தக் கண்ணாடிக் கதவு இருக்குல்ல, அன்னிக்குத்தான் நல்லாத் துடைச்சிருந்தாங்க. நான் கையில ஒரு தட்டு நிறைய பிரேம் எடுத்துட்டு வேகமா வந்தேன். திறந்திருக்குன்னு நினைச்சேன். டமார்னு ஒரு சத்தம். பிரேமெல்லாம் சிதறிடுச்சு. அப்பத்தான் ஒரு ஆளு கண் பரிசோதனைக்கு வந்திருந்தார். அவர் என்ன பண்ணார் தெரியுமா? எழுந்து வந்து, என் கையைப் பிடிச்சு, மெதுவா நடத்திட்டுப் போய், தான் உக்காந்திருந்த நாற்காலியில உக்கார வெச்சார். உக்கார வெச்சிட்டு முதலாளிகிட்ட சொல்றார், ‘எனக்கு அவசரமில்ல, முதல்ல இந்தப் பொண்ணுக்குப் பாருங்க’ன்னு.”

தம்பி சிரித்தான். சிரித்துக்கொண்டே, “அப்புறம்?” என்றான். சிரித்துக்கொண்டே கையைப் பார்த்தான். ஊசி உள்ளே போயிருந்தது. ரத்தம் எட்டிப் பார்த்தது. அவன் நின்றுகொண்டிருந்தான்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு அவன் அவளுடைய இன்னொரு கையையும் கேட்டான். இந்தத் தடவை கதையை அவனே சொன்னான். அவன் சொல்லும்போது சிதறிய பிரேம்கள் இரண்டு மடங்காயின, முதலாளி மேசைக்கடியில் ஒளிந்தார். கால் நடுங்கவில்லை. கேட்டாலும் சரி, சொன்னாலும் சரி, கதை ஓடிக்கொண்டிருக்கும் வரை அவன் விழமாட்டான்.

தேர்வில் சார்ஜென்ட் தன் கையையே நீட்டினாராம். “என்னடா முணுமுணுக்கிறே?” என்றார். “எங்கக்கா ஒரு நாள் கதவுல முட்டிக்கிட்டா சார்,” என்று தம்பி ஆரம்பித்தான். ஊசி போட்டு, மருந்து ஏற்றி, ஊசியை எடுத்துப் பஞ்சை அழுத்திய பிறகும் சார்ஜென்ட் கையை மடக்கவில்லை. “முதலாளி என்ன சொன்னார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் அவனுக்கு ரேடியோ என்று பெயர் வந்தது. அவனை முதலில் மலைமேல் ஒரு முகாமின் சிறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எட்டுக் கட்டில், ஒரு மேசை, மழை வந்தால் கூரைத் தகரம் போடும் சத்தத்தில் இதயத்துடிப்பு காதில் விழாது. அந்தச் சத்தத்துக்கு மேல் இவன் சத்தம். கொப்புளத்தைக் கிள்ளினாலும் கதை, தையல் போட்டாலும் கதை. தங்களுக்கு வலி தெரியக் கூடாதென்றுதான் பேசுகிறான் என்று சிப்பாய்கள் நினைத்தார்கள். “ரேடியோ கையால போட்டா வலிக்காது” என்று வரிசையில் காத்திருந்தார்கள். அவன் அதை மறுக்கவில்லை.

அங்கே இருந்த டாக்டரம்மா கண்டிப்பானவர். வந்த இரண்டாம் நாளே, “இது ஆஸ்பத்திரி, டீக்கடை இல்ல. வாயை மூடிட்டு வேலையைப் பாரு” என்று உத்தரவு போட்டார். உத்தரவு உத்தரவுதானே. அன்று தொடை கிழிந்த ஒருவனை மேசையில் கிடத்தியிருந்தார்கள். தம்பி வாயை இறுக்கி மூடிக்கொண்டு காயத்தை அழுத்திப் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். நோயாளி பரவாயில்லை, பிடித்துக்கொண்டிருப்பவன் வெளுத்துப்போயிருந்தான்.

“என்ன ஆச்சு உனக்கு?”

“பேசலன்னா விழுந்துடுவேன் டாக்டர்.”

“யாரு?”

“நான்தான்.”

அவர் இரண்டு நொடி அவனைப் பார்த்தார். பிறகு அவன் கைகளைப் பார்த்தார். முகம் அப்படி இருந்தும் கை ஆடாமல் பிடித்த இடத்திலேயே இருந்தது. “பேசித் தொலை,” என்றார்.

அந்த வாரமே தன்னை ஊருக்கு அனுப்பிவிடுவார், மூன்றாவது கணக்கும் முடிந்தது என்று தம்பி பயந்து அக்காவுக்குப் போன் செய்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் செய்தான். “அனுப்பலக்கா. ‘அந்த லிஃப்ட்ல மாட்டின அம்மா அப்புறம் என்ன சொன்னாங்க’ன்னு கேட்டாங்க.”

இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. அந்த முகாமில் தங்கள் குடும்பத்தைத் தெரியாதவர்களே இல்லை என்பது வீட்டில் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. அப்பாவின் நெற்றி, அம்மாவின் கூடத்தில் ஒரு நாள் எல்லாச் சட்டைக்கும் இரண்டு பக்கமும் இடது கையையே வைத்துத் தைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் தன் வீடென்று நினைத்து வந்து இவர்கள் சோபாவில் தூங்கியது, எல்லாம் அங்கே ஓடிக்கொண்டிருந்தன.

பிறகு அந்த மழை. மலைப்பாதையில் மண் சரிந்து, சாமான் ஏற்றி வந்த ஒரு லாரியை மூடியது. ஓட்டுநரின் கால் உள்ளே நசுங்கி மாட்டிக்கொண்டது. தம்பி உடைந்த கண்ணாடி வழியாக உள்ளே ஊர்ந்து போய், பட்டையைக் கட்டி, நெற்றியில் நேரத்தை எழுதி, வெளியே மண்ணை வெட்டுகிறவர்கள் வந்து சேரும் வரை அவனோடு இருந்தான். ஓட்டுநரை முதலில் இழுத்து எடுத்தார்கள். தம்பி பின்னாலேயே வருவதற்குள் மண் இரண்டாவது முறை சரிந்தது. அவனுக்கு இருபத்துமூன்று வயது.

இரண்டு அதிகாரிகள் வீட்டுக்கு வந்து சொன்னதையும், அம்மா அந்த வாரம் முழுவதும் தையல் கூடத்துக்கு ஒரு நாள் தவறாமல் போனதையும் இதற்குமேல் சொல்ல அக்காவால் ஆகாது.

சில மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் ஊன்றுகோலோடு ஒரு இளைஞன், மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றான். அன்று கட்டிடத்தின் லிஃப்ட் ஓடவில்லை.

“லிஃப்ட் மெக்கானிக் வீட்டு லிஃப்ட் ஓடாதுன்னு ரேடியோ சொல்வான். நான்தான் நம்பல,” என்றான். உள்ளே வந்தான். அப்பாவைப் பார்த்ததும் அவன் கண் நேராக நெற்றிக்குப் போனது. “அழிஞ்சிடுச்சாப்பா?” என்று கேட்டான். அம்மாவைப் பார்த்து, “அம்மா, எனக்கு ரெண்டும் இடது கையா வெச்ச சட்டை ஒண்ணு வேணும்” என்றான். அம்மா அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய், டீ போட்டுக்கொண்டு வந்தாள்.

லாரி ஓட்டுநர் அவன்தான். டீயைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, அக்காவின் பக்கம் திரும்பினான்.

“அக்கா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அந்த மீசைக்காரர் நிலைக்கண்ணாடியில பாத்தாரா இல்லையா?”

“எந்த மீசைக்காரர்?”

“அதுதாங்க, நீங்க ரெண்டு பேரோட மூக்குக்கண்ணாடியை மாத்திக் குடுத்துட்டீங்கல்ல? முடி வெட்டறவரோடதை டிரைவிங் ஸ்கூல்காரருக்கும், அவரோடதை இவருக்கும். முடி வெட்டறவர் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒருத்தருக்குப் பாதி மீசையை எடுத்துட்டார். எடுத்துட்டுக் கத்தியோட நிக்கறார். மீசைக்காரர் இன்னும் நிமிர்ந்து பாக்கல. அந்த இடத்துலதான் என்னை இழுத்து எடுத்தாங்க. ‘மீதியை வெளியில வந்து சொல்றேன்’னான். ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அதையேதான் நினைச்சிட்டிருந்தேன்.”

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு ஆளின் கண்ணாடியை இன்னொரு ஆளுக்கு அவள் கொடுத்ததே கிடையாது. பெட்டியில் பெயர் பார்த்து, பிரேமில் எண் பார்த்து, மாட்டிவிட்டு வாசிக்கச் சொல்லித்தான் அனுப்புவாள். “அப்படி நடக்கவே இல்ல” என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கதவு திறக்கக் காத்திருப்பவனைப் போல.

“பாத்தார்,” என்றாள் அக்கா.

“பாத்துட்டாரா?”

“நல்லா பாத்தார். ஆனா முகத்துல கத்தி வைக்கறதுக்காகத் தன்னோட கண்ணாடியை முன்னாடியே கழட்டி வெச்சிருந்தாரே. அவருக்கு ஒண்ணுமே தெரியல. வெள்ளையா ஒரு உருண்டை, அதுல கறுப்பா ஏதோ கொஞ்சம். ‘பிரமாதம்’னு சொல்லிட்டு எழுந்துட்டார்.”

“கண்ணாடியை எடுத்து மாட்டிக்கலையா?”

“மாட்டிக்கப் போனார். முடி வெட்டறவர் விடுவாரா? ‘இப்ப போடாதீங்க சார், புதுசா எடுத்த இடம், காத்துப் படணும்’னு தானே வாங்கி அவர் சட்டைப் பையில வெச்சார். மனுஷன் தெருவுல நடக்கறார். எதிர்ல வர்றவங்கல்லாம் சிரிக்கறாங்க. இன்னிக்கு எல்லாருக்கும் நம்மளை ரொம்பப் பிடிச்சிருக்குன்னு நினைச்சு அவரும் ஒவ்வொருத்தரையும் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போறார்.”

“டிரைவிங் ஸ்கூல்காரர்?” இதைக் கேட்டது அப்பா.

“அவர் அன்னிக்கு ஒரு பொண்ணுக்கு வண்டியை நிறுத்தச் சொல்லிக் குடுத்திட்டிருந்தார். ‘பின்னாடி வா, இன்னும் வா, நிறைய இடம் இருக்கு’ன்னு சொல்லிட்டே இருந்தார். இடமெல்லாம் இருந்துது. காய்கறிக் கடைக்குள்ள இருந்துது.”

ஓட்டுநர் சிரித்ததில் ஊன்றுகோல் கீழே விழுந்து உருண்டது. அம்மா சமையலறை வாசலில் நின்று, இது தன் மகள்தானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நிறுத்தவில்லை. காய்கறிக் கடைக்காரரையும் கண் பரிசோதனைக்கு அழைத்து வந்தாள். அவருக்கும் ஒரு கண்ணாடியை மாற்றிக் கொடுத்தாள். வெளிச்சம் சாயும் வரை பேசினாள்.

அந்தக் கதையைத் தம்பி ஏன் இட்டுக்கட்டினான் என்பது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மழை தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்திருந்தான்.

“அக்கா, சரக்கு தீந்துபோச்சு. அப்பா கதை ஆயிடுச்சு, அம்மா கதை ஆயிடுச்சு. கதவுல முட்டினதை இங்க எல்லாரும் எனக்கு முன்னாடியே சொல்றாங்க. நேத்து ஒருத்தன் பாதியில ‘இது கேட்டாச்சு’ன்னுட்டான். எனக்குக் கால் ஆட ஆரம்பிச்சிடுச்சு.”

“அதுக்கு நான் என்னடா பண்றது? இங்க ஒண்ணுமே நடக்கலையே.”

“நீ இவ்வளவு ஒழுங்கா இருந்தா எப்படிக்கா நடக்கும்? இந்த வாரம் நீ ஏதாவது ஒரு தப்புப் பண்ணுக்கா. சின்னதாப் போதும், யாருக்கும் அடிபடாம. பண்ணிட்டு எனக்குச் சொல்லு.”